வெளுத்ததெல்லாம் பால்

பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டுக் கதவைத் தட்டி, "ஆய் போயாச்சா?" என்று முதல் கேள்வியாகக் கேட்கும் உரிமை அந்தத் தெருக்களில் ஒருத்திக்குத்தான் உண்டு. அவள்தான் டப்பாக்கா. தோளில் நீல நிறப் பனிப்பெட்டி, கையில் வெள்ளை பிளாஸ்டிக் டப்பாக்கள் நிறைந்த பை. ஒன்பது வருடமாக இதே பிழைப்பு. நாளடைவில் கேள்வியிலிருந்து 'ஆய்' உதிர்ந்துவிட்டது. இப்போதெல்லாம் படியேறும்போதே "போயாச்சா?" என்பாள். மேலேயிருந்து "போயாச்சுக்கா" என்றோ "இன்னும் போகலைக்கா" என்றோ பதில் வரும். புதிதாகக் கேட்பவர்கள் யாரோ ஊருக்குப் போகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

அம்மாவின் வயிற்றில் குடியிருக்கும் கிருமிகள் பிள்ளையின் வயிற்றுக்கு எப்படிப் போய்ச் சேருகின்றன, எவை சேர்ந்தால் பிள்ளை தேறுகிறது, எவை சேராவிட்டால் நோஞ்சானாகிறது என்று ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் ஆராய்கிறார்கள். அதற்காகப் பிறந்த மூன்றாம் நாள், ஏழாம் நாள், முப்பதாம் நாள் என்று வீடு வீடாகப் போய்க் குழந்தைகளின் மலத்தை வாங்கி வருவதுதான் அவள் வேலை. அம்மாக்களிடமிருந்தும் வாங்குவாள். ஆனால் அதைப் பற்றி இரு தரப்பும் சத்தமாகப் பேசிக்கொள்வதில்லை.

ஆராய்ச்சியின் தலைவியைக் கூடத்தில் எல்லோரும் பெரிய மேடம் என்பார்கள். ஆள் என்னவோ டப்பாக்காவின் தோள் உயரம்தான். வேலையில் சேர்ந்த அன்று அவர் ஒரு துளியைக் குச்சி முனையில் எடுத்துக் காட்டி, "இதுக்குள்ள கோடிக்கணக்குல இருக்கு. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது" என்றார். இரண்டு விதிகளையும் அன்றே சொல்லிக் கொடுத்தார். முதல் விதி: எண்ணை மூடியில் எழுதாதே, டப்பாவின் உடம்பில் எழுது, ஏனென்றால் மூடிக்குக் கால் உண்டு. இரண்டாவது விதி: நல்லதா கெட்டதா என்று வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லாதே, நீ வைத்தியர் இல்லை, எதுவானாலும் என்னிடம் சொல்.

இரண்டு விதிகளையும் ஒன்பது வருடம் கட்டிக்காத்தவள் இரண்டே நாளில் இரண்டையும் மீறினாள். ஏன் மீறினாள் என்று புரிய வேண்டுமானால், அவள் கூடத்தில் யாரிடமும் சொல்லாத ஒன்றை முதலில் சொல்லியாக வேண்டும்.

இருபத்து நான்கு வருடங்களுக்கு முன் அவளுக்கு ஒரு மகன் பிறந்தான். கொழுகொழுவென்று இருந்தான், சிரித்தான். கண் மட்டும் லேசாக மஞ்சள். மலம் வெள்ளையாகப் போனான். முதல் பிள்ளை, ஒன்றும் தெரியாத வயது. பார்த்தவர்களெல்லாம் சிரித்துக்கொண்டே சொன்னார்கள்: "பாலைத்தானே குடிக்கிறான், வெள்ளையாத்தானே போவான்." சொன்னவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அவளும் நம்பினாள். அவளும் நாலு பேரிடம் சிரித்துக்கொண்டே அதையே சொன்னாள். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர்களை ஊர் கேலி செய்யும். அவள் நம்பியது கேலிக்குக்கூட ஆகாததாகப் போயிற்று. நாலாம் மாதம் வயிறு வீங்கிய பிறகு தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கல்லீரலிலிருந்து பித்தம் இறங்கும் குழாய் அடைத்திருக்கிறது, பித்தம் இறங்கினால்தான் மலத்துக்கு மஞ்சள் நிறம் வரும், இரண்டு மாதத்துக்குள் வந்திருந்தால் அறுவை சிகிச்சை செய்து பார்த்திருக்கலாம் என்று அங்கே சொன்னார்கள். ஒன்பதாம் மாதம் ஒரு காலையில், தொட்டிலருகே நின்றிருந்த அவள் கணவர் "போயிட்டான்" என்றார். அதற்குப் பிறகு அவர்களுக்குக் குழந்தை இல்லை.

இப்போது அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருவோம்.

அன்று நாலு வீடுகள், நாலும் முப்பதாம் நாள் டப்பாக்கள். காலையிலேயே ஒட்டும் சீட்டுச் சுருள் தீர்ந்துபோயிருந்தது. பனிப்பெட்டியின் ஈரத்தில் டப்பாவின் உடம்பில் பேனா வழுக்கிற்று. பஸ்ஸுக்கு நேரமாயிற்று. ஒரு நாள்தானே என்று மூடிகளின் மேல் எண்களை எழுதினாள். மத்தியானம் கூடத்துக்கு வந்தபோது உறைபெட்டிக்காரர் அவசரப்படுத்தினார். பூஜ்யத்துக்குக் கீழே எண்பது டிகிரியில் இருக்கும் பெட்டியைக் காவல் காக்கிறவர். அதனால் அவருக்கு மைனஸ் என்று பெயர்.

"சீக்கிரம்கா. பெட்டி திறந்து கிடந்தா எனக்குத்தான் திட்டு."

உறையவைக்கும் சிறு குப்பிகளுக்கு மாற்ற ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டியவள் நாலையும் திறந்து, அதனதன் முன்னால் மூடிகளை வரிசையாக வைத்தாள். முதல் டப்பாவில் மஞ்சள். இரண்டாவதில் பச்சை கலந்த மஞ்சள். மூன்றாவது டப்பாவைப் பார்த்தாள்.

ஈரச் சுண்ணாம்பு மாதிரி இருந்தது.

இருபத்து நான்கு வருடம் அந்த நிறத்தை அவள் மறக்கவில்லை. ஒன்பது வருடமாக ஒவ்வொரு டப்பாவைத் திறக்கும்போதும் அதற்காகப் பயந்திருக்கிறாள், ஆயிரக்கணக்கான டப்பாக்களில் ஒரு தடவைகூட அது வந்ததில்லை. வந்தேவிட்டது. கை உதறியது. உதறிய கை தட்டி நாலு மூடிகளும் தரையில் விழுந்து, நாலு திசையில் உருண்டன. மூடிக்குக் கால் உண்டு என்று மேடம் சும்மா சொல்லவில்லை.

மைனஸ் குனிந்து நாலையும் பொறுக்கி மேசையில் வைத்தார். "எதுக்கு எதுக்கா?"

அவளுக்குத் தெரியவில்லை. அச்சடித்தாற்போல் நாலு டப்பாக்கள். அவற்றில் ஒன்று ஒரு குழந்தையின் உயிரைச் சொல்கிறது. எந்தக் குழந்தை என்று மட்டும் சொல்லவில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள் இல்லை அவள். நேராக மேடத்தின் அறைக்குப் போனாள்.

"மேடம், மூடியில எழுதிட்டேன். மூடி மாறிடுச்சு. அதுல ஒண்ணு வெள்ளையா இருக்கு."

மேடம் வந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். திட்டவில்லை. அதுவே டப்பாக்காவுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"நிறத்தை மட்டும் வெச்சு எதையும் முடிவு கட்ட முடியாது. ஆனா சும்மா விடவும் முடியாது" என்றார். "மரபணுவை வெச்சு யாரோடதுன்னு கண்டுபிடிக்கலாம். ஆனா வாரக்கணக்கா ஆகும். நீ நாளைக்கு நாலு வீட்டுக்கும் போய்ப் புதுசா வாங்கு. உன் கண்ணால பாத்து வாங்கு."

"போன் பண்ணிக் கேட்டா என்ன மேடம்?" என்று கேட்டது மைனஸ்.

டப்பாக்காதான் பதில் சொன்னாள். "எல்லாரும் நல்லாத்தான் போறான்னுதான் சொல்லுவாங்க."

"பதறாதே" என்றார் மேடம். "எல்லாமே முப்பது நாள் குழந்தைங்க. அறுபது நாளைக்குள்ள ஆபரேஷன் பண்ணினா வாய்ப்பு நல்லாவே இருக்கு. நமக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கு."

ஒரு மாசம் இருக்கிறது, ஒரு மாசம் இருக்கிறது என்று பஸ்ஸில் அவள் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். இரவெல்லாம் அதையே சொன்னாள்.

மறுநாள் காலை முதலில் கண்டக்டர் வீடு. தொட்டிலில் பையன் முழித்துக்கொண்டு கிடந்தான். கண்டக்டரின் மனைவி, "நேத்துதானே குடுத்தேன்? என்னக்கா, அதுக்குள்ள தீந்துபோச்சா?" என்று சிரித்தாள். டப்பாவில் குளறுபடி, என் தப்புத்தான் என்று சொல்லிவிட்டுத் துணியைப் பிரித்தாள் டப்பாக்கா. மஞ்சள். பளிச்சென்ற மஞ்சள். உட்கார்ந்து அழலாம் போல ஆறுதலாக இருந்தது. படியிறங்கும்போதுதான் உறைத்தது. நாலில் ஒன்று இப்போது மூன்றில் ஒன்றாகிவிட்டது.

மருந்துக்கடைக்காரர் வீட்டில் பெண் குழந்தை தூங்கியது. ஒரு மணி நேரம் காத்திருந்தாள். அங்கும் மஞ்சள். மூன்றில் ஒன்று இரண்டில் ஒன்றாயிற்று. டீச்சர் வீட்டில், விடுப்பிலிருந்த டீச்சர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏதாவது பிரச்சினையாக்கா? மறைக்காம சொல்லுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். சொல்லக்கூடாது என்பது விதி. "வெயில்ல அலைஞ்சது, வேற ஒண்ணுமில்ல" என்று டப்பாக்கா புளுகினாள். அங்கேயும் மஞ்சள்தான். டீச்சருக்கு ஒன்றுமில்லை என்று சந்தோஷப்பட்ட மனசு, அப்படியானால் யாருக்கு என்று உடனே கணக்குப் போட்டது. ஒரு பிள்ளை தப்பினால் இன்னொரு பிள்ளை மாட்டும் என்கிற கணக்கு. இப்படி ஒரு கணக்கைப் போடும் தன் மனசைக் கண்டு அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

மீதி மூன்றாம் மாடி வீடு.

நாலு வீட்டிலும் அவளுக்குப் பிடித்தது அந்த வீட்டுப் பெண்தான். வாய் ஓயாமல் பேசுவாள், பேசியதற்கெல்லாம் தானே சிரிப்பாள். கணவன் வெளியூரில் வேலை. பிள்ளையும் அவளுமாகத் தனியாக இருக்கிறாள். இவளிடமா போய்ச் சொல்வது? படிகள் அறுபத்தாறு. ஒவ்வொரு படியிலும் கால் பின்னுக்கு இழுத்தது.

"போயாச்சா?" என்று கேட்டாள்.

"இன்னும் போகலைக்கா! உள்ள வாங்க. உங்க டப்பாவைப் பாத்தாலே எம்புள்ள வயித்தைப் பூட்டிக்கிறான்."

இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாள். அந்தப் பெண் தேநீர் கொடுத்தாள், என்னென்னவோ பேசினாள். எதுவும் காதில் விழவில்லை. குழந்தையின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளை விழி மஞ்சளா, இல்லை ஜன்னல் திரையின் நிறம் அதில் விழுகிறதா என்று தெரியவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். கடைசியில் குழந்தை முகம் சிவக்க முக்கினான். அவளே எழுந்து போய்த் துணியைப் பிரித்தாள்.

மஞ்சள்.

டப்பாக்கா சிரித்த சிரிப்பில் குழந்தை மிரண்டு அழுதான். "அப்பாடா!" என்று அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். "அஞ்சு நாளைக்கு அப்புறம் இன்னைக்குத்தான்கா போறான். நீங்க ராசிக்காரிதான்." அறுபத்தாறு படிகளையும் சிரித்துக்கொண்டே இறங்கினாள் டப்பாக்கா.

வாசலில் நின்று மேடத்துக்குப் போன் செய்தாள். "மேடம், நாலும் மஞ்சள்!"

மேடம் மெதுவாகக் கேட்டார். "நாலும் மஞ்சள்னா அந்த வெள்ளை யாரோடது?"

சாயங்காலம் வீட்டில் கணவர் வேனைக் கழுவி நிறுத்திவிட்டு வந்தார். சரக்கு வேன் ஓட்டுகிறவர், அளந்து பேசுகிறவர். அவள் வேலையைப் பற்றி ஒன்பது வருடமாக ஒரு கேள்வி கேட்டதில்லை. அன்று அவளே எல்லாவற்றையும் சொன்னாள்.

"எல்லாமே மஞ்சள்னா சந்தோஷம்தானே? உன் மூஞ்சி ஏன் வெளுத்துக் கிடக்கு?"

"தெரியலைங்க. மேடம் சொல்றாங்க, மருந்து கிருந்து ஏதாவது குடுத்திருப்பாங்க, ஒரு நாள் அப்படிப் போயிருக்கும்னு. நாளைக்குப் பாப்போம்கிறாங்க."

"அப்படியே இருக்கட்டும். கடைசி வீட்டுல அவ்வளவு நேரமா?"

"ஆமா. அந்தப் பையன் அஞ்சு நாளா போகவே இல்லையாம். இன்னைக்கு நான் இருக்கும்போதுதான்..."

பாதியில் நின்றாள்.

அஞ்சு நாளாகப் போகவில்லை. ஆனால் நேற்று அந்த வீட்டிலிருந்து ஒரு டப்பா வாங்கினாள். நிறைந்த டப்பா. இன்னும் சூடாகக்கூட இருந்தது.

"வண்டியை எடுங்க" என்றாள்.

மூன்றாம் மாடிப் பெண் கதவைத் திறந்ததும் டப்பாக்காவைப் பார்த்துச் சிரித்தாள். பின்னால் நின்ற வேன்காரரைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"இந்தா பாரு, முதல்ல நான் பண்ணின தப்பைச் சொல்றேன்" என்றாள் டப்பாக்கா. "டப்பால எழுத வேண்டியதை மூடியில எழுதி நாலு வீட்டு டப்பாவையும் மாத்திட்டேன். என் வேலை போனாலும் போகும். இப்ப நீ சொல்லு. உன்னை ஒரு வார்த்தை திட்ட மாட்டேன். நேத்து நீ குடுத்தது யாரோடது?"

அந்தப் பெண் தரையைப் பார்த்தாள். காதெல்லாம் சிவந்துவிட்டது.

"ஏழாம் நாளு வந்தப்ப டப்பா காலியா இருந்துச்சுன்னு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டீங்களேக்கா. முப்பதாம் நாளு தவறவே கூடாதுன்னு வேற சொன்னீங்க. இவன் போகவே இல்ல. மூணு மாடி ஏறி வந்துட்டீங்க, எப்படி வெறும் கையோட அனுப்பறதுன்னு... எதிர் வீட்டுல கேட்டு வாங்கிட்டேன். எல்லாக் குழந்தையும் ஒண்ணுதானேக்கா."

காலைக்கடன் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். அதை அடுத்த வீட்டில் கைமாற்றாக வாங்கிய ஒரே பெண் இவளாகத்தான் இருக்கும். வேறு நாளாக இருந்தால் டப்பாக்கா வருடம் முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பாள்.

"எதிர் வீட்டுக் குழந்தைக்கு எத்தனை நாளாச்சு?"

"இவனைவிடப் பெரியவக்கா. மூணு வாரத்துக்கு மேல மூத்தவ. அம்பது தாண்டியிருக்கும்."

ஒரு மாசம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரம்தான் இருந்தது.

எதிர்க் கதவைத் தட்டினாள். திறந்தவன் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். முழங்கை வரை புள்ளி புள்ளியாக வண்ணம் ஒட்டியிருந்தது, தலைமுடியில்கூட நீலம். பின்னால் அவன் மனைவி, மடியில் குழந்தையோடு. ஐம்பத்து மூன்று நாள் ஆகிறதாம். குழந்தை கொழுகொழுவென்று இருந்தாள், அந்நியரைப் பார்த்துச் சிரித்தாள். குழல் விளக்கின் வெளிச்சத்தில் அவள் கண்களில் மஞ்சள் தெரிந்தது. இப்போது திரையும் இல்லை, பேயும் இல்லை.

"கண்ணு எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"பொறந்ததுலேருந்தே லேசா உண்டுக்கா. காலை வெயில்ல காட்டிட்டு வரோம். இப்பக் குறைஞ்ச மாதிரி இருக்கு" என்றாள் அம்மா.

"வெளிக்கு என்ன நிறத்துல போறா?"

பெயிண்டர் சிரித்தான். "ஆஃப் ஒயிட்டுக்கா. பெயிண்டர் பொண்ணுன்னு காட்டுறா பாருங்க."

அவன் மனைவியும் சிரித்தாள். "பாலைத்தானே குடிக்கிறா. வெள்ளையாத்தானே போவா."

அது தன்னுடைய குரல். சொல்லுக்குச் சொல், சிரிப்புக்குச் சிரிப்பு, இருபத்து நான்கு வருடத்துக்கு முந்தைய தன் குரல். மேடத்துக்குப் போன் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டாள், எடுக்கவில்லை. நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். விதி அதைத்தான் சொல்கிறது. தவறாகப் போனால் ஒரு குடும்பத்தின் தூக்கத்தைக் கெடுத்த பாவம் வேறு. எல்லாவற்றுக்கும் பயமாக இருந்தது. ஆனால் நாளை என்ற சொல்லை அவள் ஏற்கெனவே ஒரு தடவை நம்பியாயிற்று.

"தம்பி, கலர் அட்டை வெச்சிருப்பியே, சின்னச் சின்னக் கட்டமா, அதை எடுத்துட்டு வா."

"எதுக்குக்கா?"

"எடுத்துட்டு வாப்பா."

மடக்கு மடக்காக விரியும் அட்டை அது, நூற்றுக்கணக்கான கட்டங்கள், ஒவ்வொன்றின் கீழும் எண்ணும் பெயரும். அதைத் தரையில் விரித்தாள். அன்று மாலை மாற்றிய துணி வாளியில் இருந்தது. அதைக் கொண்டுவரச் சொல்லி அட்டையருகே வைத்தாள்.

"நீ தொழில்காரன். நீயே சொல்லு. இது எந்தக் கட்டம்?"

பெயிண்டர் விளையாட்டாகத்தான் குனிந்தான். தொழில் புத்தி, கண்ணைச் சுருக்கி ஒப்பிட்டுப் பார்த்து, வெள்ளை வரிசையில் ஒரு கட்டத்தில் விரலை வைத்தான்.

டப்பாக்கா அட்டையின் மறுபக்கத்தைத் தொட்டாள். "மஞ்சள், பச்சை, பழுப்பு, இந்த வரிசையில எங்க விரல் வெச்சிருந்தாலும் நான் எந்திரிச்சுப் போயிருப்பேன். நீ வெச்ச வரிசை ஆபத்து. கல்லீரல்லேருந்து பித்தம் இறங்கலைன்னு அர்த்தமா இருக்கலாம். இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

பெயிண்டர் எழுந்து நின்றான். சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "யாருக்கா நீங்க? டாக்டரா?"

"இல்ல. டப்பா தூக்குறவ."

"புள்ள நல்லாச் சிரிக்குது, பால் குடிக்குது. வந்து நின்னுக்கிட்டு ஆபத்துங்கறீங்க. உங்க வேலையைப் பாத்துட்டுப் போங்க!"

"எனக்கும் ஒருத்தன் இருந்தான்" என்றாள் அவள். "நல்லாச் சிரிச்சான். பால் குடிச்சான். வெள்ளையாப் போனான். பால் குடிக்கிறவன் வெள்ளையாத்தானே போவான்னு நானும் சொன்னேன்."

கதவருகே நின்ற அவள் கணவர் மீதியைச் சொன்னார். "ஒன்பது மாசம் இருந்தான்."

இருபத்து நான்கு வருடத்தில் அவர் வாயிலிருந்து அந்தக் கணக்கை அவள் கேட்டது அன்றுதான்.

பெயிண்டரின் மனைவி எதுவும் கேட்கவில்லை. குழந்தையைத் துண்டில் சுற்றினாள், செருப்பைக்கூட மாட்டாமல் படியிறங்கத் தொடங்கினாள். பெயிண்டர் அட்டையை மடிக்கவும் தெரியாமல் கையில் பிடித்தபடி பின்னால் ஓடினான். செருப்பை எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடிப் பெண் ஓடினாள், இடுப்பில் தன் பிள்ளையோடு, "நான் கேட்டு வாங்கினதாலயா இப்படி?" என்று புரியாமல் அழுதுகொண்டு. வேன் கிளம்பியபோது மேடம் திருப்பி அழைத்தார். டப்பாக்கா விதியை மீறிவிட்டதைச் சொன்னாள். "சரி, போய்க்கிட்டே இருங்க. நான் குழந்தை டாக்டரைக் கூப்பிடறேன்" என்றார் மேடம்.

ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், மறுபடி ரத்தம். சந்தேகம் உறுதியாயிற்று. அடைத்த குழாயை எடுத்துவிட்டுக் குடலையே கல்லீரலோடு இணைக்கும் அறுவை சிகிச்சை, ஐம்பத்தெட்டாம் நாள் நடந்தது. முடிந்ததும் டாக்டர் சொன்னது இதுதான்: "எங்க வேலை முடிஞ்சது. பித்தம் இறங்குதான்னு இனிமே மலம்தான் சொல்லணும். நிறம் வருதான்னு பாருங்க." வராவிட்டால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

கூடத்தில் அவள் வேலை போகவில்லை. அந்த நாலு டப்பாக்களும் ஆராய்ச்சிக்கு ஆகாமல் போயின. மேடத்துக்கு அதைவிடப் பெரிய கவலை, இந்த ஒன்பது வருடத்தில் இன்னும் எத்தனை வீட்டில் இரவல் டப்பா வந்ததோ என்பது. சுவரில் மூன்றாவதாக ஒரு விதி எழுதி ஒட்டினார்: காலி டப்பா கொடுத்தாலும் முகத்தைத் தூக்காதே. மைனஸ் அதைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்தார். டப்பாக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. போன் அடித்தால் தூக்கிவாரிப் போட்டது. மூன்று நாளாயிற்று, பெயிண்டரிடமிருந்து தகவல் இல்லை. நாலு, ஐந்து நாளாயிற்று. அவளாகக் கேட்கத் துணிச்சல் இல்லை.

ஆறாம் நாள் காலை. கண்டக்டர் மனைவியின் டப்பாவுக்காக அவர்கள் வீட்டு வாசலில் நின்றிருந்தாள். சீட்டை டப்பாவின் உடம்பில் ஒட்டி, அதன் மேல் எண்ணை எழுதிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பெயிண்டரின் பெயர்.

எடுத்தாள். அந்தப் பக்கம் அழுகைச் சத்தம். ஓர் ஆண்பிள்ளை கேவிக்கேவி அழும் சத்தம்.

"தம்பி? தம்பி, என்னப்பா?"

"அக்கா..." மூச்சு வாங்கியது. "போயிட்டாக்கா."

கையிலிருந்த டப்பா விழுந்தது. தொட்டிலருகே நின்ற கணவரின் முகம் தெரிந்தது, அந்த ஒரே ஒரு சொல்லும் கேட்டது. வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். கண்டக்டரின் மனைவி ஓடி வந்து தோளைப் பிடித்தாள். பேச வேண்டும், அவனுக்கு ஆறுதல் சொல்ல வேண்டும், இதைத் தாங்கியவள் தான் ஒருத்திதான் என்று தெரிகிறது. அவள் வாயைத் திறப்பதற்குள் அவனே மேலே பேசினான்.

"இப்பத்தான்கா போனா. அட்டையை வெச்சுப் பாத்தேன். ரெண்டு தடவை பாத்தேன்கா. நாலாவது மடிப்பு, முப்பத்தேழாம் நம்பர்."

அவளுக்கு விளங்க ஒரு கணம் பிடித்தது.

"நம்பர் எனக்குத் தெரியாது" என்றாள். "பேரைச் சொல்லுப்பா. பேரைச் சொல்லு."

"கடுகு மஞ்சள்க்கா."

டப்பாக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு ஓவென்று அழுதாள். கண்டக்டரின் மனைவி, "யாருக்கா? யாரு போயிட்டா?" என்று உலுக்கினாள். அவளுக்குப் பதில் சொல்லாமல் டப்பாக்கா போனுக்குள் கத்தினாள்.

"ஆய்னு சேத்துச் சொல்லக் கூடாதாடா, பாவி!"